ஆச்சி பதில்கள்: ஈப்போ படக்காரர்

கேள்வி: ஆச்சி, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா தன் நாட்டிலிருந்த ஜப்பானியரை முள்வேலிக்குள் அடைத்து வைத்ததாகப் படித்தேன். நம் நாட்டிலும் அப்படி நடந்ததா? செட்டிநாட்டுக்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: சம்பந்தம் எங்கள் வீட்டு முகப்புச் சுவரிலேயே தொங்குகிறது.

எங்கள் ஐயாவின் படம் அது. நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் கௌரிசங்கம் என்ற ருத்திராட்ச மாலை, பிரம்பு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். மலாயாவில், இன்றைய மலேசியாவில், ஈப்போ என்ற ஊரில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது உதவி ஆளாக இருந்தபோது எடுத்தது. அட்டையின் வலது மூலையில் அழுத்திப் பதித்திருக்கும் பெயர் படம் எடுத்த ஜப்பானியருடையது. விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படும். அந்தக் காலத்து மலாயா ஊர்களில் போட்டோ கடை, பல் வைத்தியம், முடிதிருத்தகம் எல்லாம் ஜப்பானியர் நடத்தினார்கள். நம் செட்டிநாட்டவர்கள் கிட்டங்கி என்ற பொதுக் கட்டடத்தில் பெட்டியடி போட்டு வட்டித் தொழிலுக்கு உட்கார்ந்திருந்த அதே ஊர்கள்தான்.

1941 டிசம்பர் 8, ஜப்பான் படை மலாயாவில் இறங்கிய நாள். அன்றே ஆங்கிலேயர் அங்கிருந்த ஜப்பானியரைப் பிடிக்கத் தொடங்கினார்கள். படக்காரரையும் கூட்டிப் போய்விட்டார்களாம். கண்ணாடிப் பெட்டியில் கல்யாண ஜோடிகளின் படங்கள் அப்படியே இருந்தன என்றும், படம் எடுக்கப் பணம் கட்டியவர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்றும் ஐயா சொல்வார். உளவாளிகள் சிலர் அவர்களுக்குள் இருந்தது உண்மைதான். அதற்காகக் கைக்குழந்தையையுமா அடைப்பது?

அப்படிப் பிடித்தவர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து வைத்த இடம் தில்லி புராணா கிலா. கோட்டைக்குள் கூடாரம், தில்லிக் குளிரும் வெயிலும் அதில்தான். பலர் அங்கேயே இறந்துபோனார்கள். மீந்தவர்களை அப்புறம் ராஜஸ்தானிலுள்ள தேவ்லிக்கு மாற்றினார்கள். எங்கள் படக்காரர் அங்கே போய்ச் சேர்ந்தாரா என்று ஐயாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஜெர்மானியருக்கு இந்தக் கதி முந்தியே வந்துவிட்டது. 1939 செப்டம்பரில் போர் அறிவித்ததுமே இந்தியாவிலிருந்த ஜெர்மன் ஆண்களைப் பிடித்தார்கள். பெரிய முகாம் டேராடூனில் இருந்தது. ஹிட்லருக்குப் பயந்து இங்கே ஓடிவந்த யூதர்களும் அதில் மாட்டினார்கள். யாரிடமிருந்து தப்பி வந்தார்களோ, அவன் ஆட்கள் என்று சொல்லியே உள்ளே போட்டால் அந்த மனது என்ன பாடுபட்டிருக்கும்! விசாரித்துச் சிலரைப் பிறகு விட்டார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் செய்தது என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 1962 சீனப் போரின்போது அசாம், மேகாலயா, டார்ஜிலிங் பக்கமிருந்து சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேரை ரயிலேற்றி அதே தேவ்லிக்கு அனுப்பியது சுதந்திர இந்தியா. பலர் இங்கேயே பிறந்தவர்கள். சிலர் வெளியே வர நாலைந்து வருஷம் ஆனது. திரும்பிப் போனால் வீடும் கடையும் ஏலம் போயிருந்தன. பர்மாவில் கடையையும் பேரேட்டையும் போட்டுவிட்டு வந்த நம்மவர்களுக்கு அந்த வலி தெரியாதா? தெரிந்திருந்தும் அன்றைக்கு நாம் வாய் திறக்கவில்லை. எனக்கு அப்போது விவரம் தெரிந்த வயதுதான். பேப்பரில் போர்ச் செய்தி படித்தோம், யுத்த நிதிக்கு வளையல் கழற்றிக் கொடுத்தோம். தேவ்லிக்குப் போன இவர்களைப் பற்றி எங்கள் வீட்டு வளவில் ஒருவரும் பேசியதாக நினைவில்லை.

அமெரிக்கா அடைத்தது சுமார் 1,20,000 பேரை. மூன்றில் இரண்டு பங்கு அந்நாட்டுக் குடிமக்கள். 1988-ல் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தார்கள். தேவ்லியில் இருந்தவர்களிடம் நம் அரசு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன்.

உங்கள் வீட்டிலும் மலாயாவில் எடுத்த படம் இருந்தால், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமானோடு போட்டுவிடாதீர்கள். அட்டையின் ஓரத்தைப் பாருங்கள். ஜப்பானியப் பெயர் இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.