கோதார், த்ரூஃபோ பார்த்தாயிற்று. பிரெஞ்சு சினிமாவில் அடுத்து என்ன பார்ப்பது?

பிரெஞ்சு இயக்குநர்கள் கோதார், த்ரூஃபோ எடுத்த படங்கள் சிலவும், ஈழ அகதியைப் பற்றிய பிரெஞ்சுப் படமான 'தீபன்' படமும் பார்த்துவிட்டேன், அதிகம் பேசப்படாத பழைய, புதிய பிரெஞ்சுப் படங்களுக்குள் எப்படிப் போவது, பத்தாண்டு வாரியாக ஒரு பட்டியல் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் தர எனக்கு விருப்பமில்லை. பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஐந்தாவது படத்தில் பரீட்சைக்குப் படிக்கிற சலிப்பு வந்துவிடும். அதற்குப் பதிலாக நூல் பிடித்துக்கொண்டு போக ஒரு வழி சொல்கிறேன்: வேலை.

பிரெஞ்சுப் படம் என்றாலே கஃபேயில் இரண்டு பேர் சிகரெட் பிடித்தபடி காதலைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள் என்று நம்மிடையே ஒரு நினைப்பு உண்டு. அப்படிப்பட்ட படங்களும் ஏராளம்தான். ஆனால் அந்த நாட்டுப் படங்களில் என் மனதில் ஒட்டிக்கொண்டவர்கள் கை அழுக்காகிறவர்கள், சீருடை போடுகிறவர்கள், ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்புகிறவர்கள். நீங்கள் பார்த்த 'தீபன்' கதாநாயகனே ஒரு குடியிருப்பில் கூட்டிப் பெருக்கி, தபால் பிரித்துப் போடும் ஆள்தானே.

முதலில் பார்க்க வேண்டியது 'ல த்ரூ'. துளை என்று அர்த்தம். 1960-இல் வந்த படம், இயக்கம் ழாக் பெக்கர். பாரிஸின் லா சான்தே சிறையிலிருந்து 1947-இல் சில கைதிகள் சுரங்கம் தோண்டித் தப்பிக்கப் பார்த்த உண்மைக் கதை. அந்தக் கூட்டத்தில் இருந்த ழோஸே ஜொவானி பின்னாளில் எழுத்தாளராகி அதை நாவலாக்கினார். பெக்கர் அவரையே திரைக்கதைக்குச் சேர்த்துக்கொண்டார். அது போதாதென்று, உண்மையிலேயே தப்பிக்கப் பார்த்தவர்களில் இன்னொருவரான ழான் கெரோடியை நடிக்கவும் வைத்தார். படம் ஆரம்பிக்கும்போது ஒரு காரைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் அவர் நிமிர்ந்து நம்மைப் பார்த்து, இது என் கதை என்கிறார். அப்புறம் ரோலான் என்ற பாத்திரமாகச் சிறைக்குள் போய், தான் நிஜத்தில் செய்ததை கேமராவுக்கு முன் செய்து காட்டுகிறார்.

அறையின் தரையை உடைக்கும் காட்சி ஒன்று போதும். கட்டிலிலிருந்து கழற்றிய இரும்பால் கான்கிரீட்டை அடிக்கிறார்கள். கேமரா தரையை விட்டு நகர்வதில்லை. ஒருவர் களைத்ததும் அடுத்தவர் இரும்பை வாங்கிக்கொள்கிறார். முதலில் வெறும் கீறல், பிறகு பொடி, பிறகு சில்லு, அதற்கப்புறம்தான் கல் அசைகிறது. கிட்டத்தட்ட நான்கு நிமிடம் ஒரே ஷாட், வெட்டே இல்லை, பின்னணி இசை இல்லை. இந்தச் சத்தம் வெளியே கேட்காதா என்று நமக்கு வயிற்றைக் கலக்கும். கண்ணாடிச் சில்லைப் பல் துலக்கும் பிரஷ்ஷில் கட்டி, கதவின் கண்துளை வழியாக நீட்டிக் காவலர் வருகிறாரா என்று பார்ப்பார்கள். மருந்துப் புட்டிகளில் மணலை நிரப்பி நேரம் பார்க்க மணற்கடிகாரம் செய்வார்கள். இவ்வளவு கெட்டிக்காரத்தனமும் எதற்குப் பயன்பட்டது என்பதைப் படத்தில் தெரிந்துகொள்ளுங்கள். படம் வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 53 வயதில் பெக்கர் இறந்துபோனார்.

ஒரு விஷயம் கவனியுங்கள். 'ல த்ரூ' திரைக்கு வந்தது 1960 மார்ச்சில். கோதாரின் 'ப்ரெத்லெஸ்' வந்ததும் அதே மாதம். க்ளோத் ஸோதேயின் 'க்ளாஸ் தூ ரீஸ்க்' என்ற அருமையான குற்றப் படம் வந்ததும் அதே மாதம்தான். அதுவும் ஜொவானியின் நாவல்; 'ப்ரெத்லெஸ்' நாயகன் பெல்மோந்தோ அதிலும் இருக்கிறார். இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போலீசுக்குத் தப்பி ஓடும் பழைய குற்றவாளியாக லீனோ வென்தூரா. ஆனால் சினிமா வரலாறு எழுதியவர்களைக் கேட்டால் அந்த மாதம் பாரிஸில் ஒரே ஒரு படம்தான் ரிலீஸானது போலப் பேசுவார்கள். கோதார், த்ரூஃபோ போன்ற இளைஞர்கள் அப்போது கிளப்பிய 'புதிய அலை' மீது எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் கேள்வியில் உள்ள 'அதிகம் பேசப்படாத' என்பதற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

அந்த அலைக்கு முந்தைய ஆட்களில் ழான் க்ரெமியோனைத் தேடுங்கள். ஊமைப்படக் காலத்தில் தியேட்டர் இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். அவருடைய 'ரெமோர்க்' 1941-இல் வந்தது. ப்ரெஸ்ட் துறைமுகத்தில், புயலில் சிக்கிய கப்பல்களை மீட்டு வரும் இழுவைக் கப்பலின் கேப்டனாக ழான் கபேன். கப்பல் ஊழியர் ஒருவரின் கல்யாண விருந்தில் படம் தொடங்கும்; ஆட்டம் பாட்டத்துக்கு நடுவே கடலிலிருந்து அழைப்பு வரும்; கோட்டு சூட்டோடு ஆண்கள் எல்லாம் எழுந்து போவார்கள். மனைவிமார்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். மீட்கப் போன கப்பலின் கேப்டனோ, மீட்புக் கூலி கொடுக்க மனசில்லாமல் இழுவை வடத்தையே அறுத்துவிடப் பார்ப்பார். 1939-இல் போர் மூண்டதால் படப்பிடிப்பு பாதியில் நின்று, பிறகு எப்படியோ முடித்தார்கள். அவருடைய இன்னொரு படம் 'ல சியெல் எ தா வூ', 1944. கார் பட்டறை வைத்திருக்கும் ஒரு குடும்பத்துப் பெண் விமானம் ஓட்டிச் சாதனை படைக்கக் கிளம்புகிறார். அதற்காக மகள் உயிராக நினைக்கும் பியானோவை விற்றுவிடுகிறார்கள். ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் வந்த இந்தப் படத்தை, ஜெர்மனியோடு ஒத்துப்போன விஷி அரசின் ஆட்களும் பாராட்டினார்கள், எதிர்ப்பு இயக்கத்தாரும் தங்கள் படம் என்றார்கள். அந்தப் பியானோ விஷயத்தில் அந்தப் பெற்றோரை என்னால் முழுசாக மன்னிக்க முடியவில்லை, அது வேறு.

சரி, ஒரே ஊரில் எடுத்த இரண்டு படங்களைச் சேர்த்துப் பாருங்கள். தெற்கே மத்தியதரைக் கடலோரம் ஸெட் என்ற துறைமுகம். 1954-இல், புகைப்படக் கலைஞராக இருந்த ஆன்யெஸ் வர்தா அங்கே போய் மீனவர்களையே நடிக்க வைத்து 'லா புவான்த் கூர்த்' எடுத்தார். கடற்கழியில் மட்டி எடுக்கக் கூடாது என்று வரும் சுகாதார அதிகாரிகளுக்கும் மீனவர்களுக்கும் நடக்கும் கண்ணாமூச்சிதான் அதில் உயிருள்ள பகுதி. நடுவே ஒரு தம்பதி வந்து தங்கள் தாம்பத்தியத்தைப் பற்றி ரொம்பப் பேசுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். அரை நூற்றாண்டு கழித்து அதே ஊரில் அப்தெல்லதிஃப் கெஷிஷ் எடுத்த 'லா க்ரேன் எ ல முலே' 2007-இல் வந்தது. கப்பல் பட்டறையில் காலமெல்லாம் உழைத்த அறுபது வயது அரபுத் தொழிலாளி வேலை நேரம் குறைக்கப்பட்டு, ஒரு பழைய படகை வாங்கி மடவை மீன் போட்ட கூஸ்கூஸ் (வேகவைத்த கோதுமை ரவை) விற்கும் உணவகமாக்கப் பார்க்கிறார். வங்கிக்கும் நகராட்சிக்கும் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலையும் காட்சிகள் நமக்குப் புதிதில்லை. திறப்பு விழா அன்று விருந்தினர் எல்லாம் உட்கார்ந்த பிறகு, மீன் வந்துவிட்டது, கூஸ்கூஸ் பானையைக் காணோம். அங்கிருந்து கடைசிவரை நகம் கடிக்க வைக்கிறார்.

வேலை என்றால் பெரியவர்கள் மட்டும்தானா என்றால், மோரீஸ் பியாலாவின் 'லான்ஃபான்ஸ் ந்யூ' (1968) இருக்கிறது. வடக்குப் பிரான்ஸின் சுரங்கத் தொழில் ஊர்களில், அரசு உதவித்தொகை வாங்கிக்கொண்டு அநாதைப் பிள்ளைகளை வளர்ப்பதும் ஒரு வேலைதான். பத்து வயது ஃப்ரான்ஸுவா வீடு வீடாக மாற்றப்படுகிறான். அவனை ஏற்கும் வயதான தம்பதி நிஜ வாழ்விலும் வளர்ப்புப் பெற்றோர், தாங்களாகவே நடித்தார்கள். பையன் பூனையை மாடிப்படியிலிருந்து கீழே போடுவான், அப்புறம் அவனே அதற்கு வைத்தியம் பார்ப்பான். ஏன் என்று படம் விளக்காது. த்ரூஃபோவின் '400 ப்ளோஸ்' படத்தோடு எல்லோரும் ஒப்பிடுவார்கள். இந்தப் படத்தின் தயாரிப்பில் த்ரூஃபோவுக்கே பங்கு உண்டு. எனக்கு இதுதான் ஒரு படி மேல்.

இப்படிப்பட்ட படங்களுக்கு யார் பணம் போடுகிறார்கள் என்று தோன்றும். அங்கே விற்கும் ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் 10.72 சதவீதம் வரியாகத் தேசிய சினிமா மையத்துக்குப் போகிறது. ஹாலிவுட் படத்துக்கு வாங்கிய டிக்கெட்டிலும்தான். அந்த நிதி பிரெஞ்சுப் படங்களுக்குத் திரும்ப வருகிறது. 1959 முதல், திரைக்கதையைப் பார்த்து முன்பணம் கொடுக்கும் திட்டமும் உண்டு. வசூல் வந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதில் குப்பைகளும் வரும் என்பது உண்மை. ஆனால் எந்தப் பத்தாண்டிலும் சின்னப் படங்கள் வற்றிப்போகாததற்கு இது முக்கியக் காரணம்.

அழுத்தமான படங்களாகவே சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம், ழாக் ரோசியேயின் 'மென் ஓசெயான்' (1986) வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும். 2023-இல் 96 வயதில் இறந்த ரோசியே எடுத்த முழுநீளப் படங்கள் மொத்தமே ஐந்து. பாரிஸிலிருந்து நாந்த் போகும் ரயிலில் ஒரு பிரேசில் நடனப் பெண் டிக்கெட்டை இயந்திரத்தில் முத்திரை குத்தாமல் ஏறிவிடுகிறாள். இரண்டு டிடிஆர்கள் அபராதம் போட வருகிறார்கள். அவளுக்கு பிரெஞ்சு தெரியாது, அவர்களுக்கு போர்த்துகீசியம் தெரியாது. நடுவில் ஒரு பெண் வக்கீல் புகுந்து சட்டம் பேசுகிறாள். இந்தச் சில்லறைத் தகராறு வளர்ந்து வளர்ந்து எல்லோரும் இயூ தீவுக்குப் போய், ஒரு முரட்டு மாலுமியோடு குடித்து, நள்ளிரவில் சாம்பா ஆட்டம் போடுவதில் முடிகிறது. டிடிஆர்களில் ஒருவருக்குத் தான் பெரிய பாடகனாகப் போகிறோம் என்ற மயக்கம் வேறு வருகிறது. விடிந்ததும் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். படகு மாறிப் படகு ஏறி, மணல் திட்டில் இறங்கி, கரையைத் தேடி நடப்பார். அவ்வளவு சிரித்த பிறகு அந்த நடை என்னமோ செய்துவிடும்.

லோரான் கான்தேயின் 'ரெசூர்ஸ் உமேன்' (1999) படத்தையும் விட்டுவிடாதீர்கள். அப்பா தொழிலாளியாக இருக்கும் தொழிற்சாலைக்கே, படித்த மகன் நிர்வாகப் பிரிவில் பயிற்சிக்கு வருகிறான். ஆட்குறைப்புப் பட்டியலில் அப்பா பெயரைப் பார்க்கிறான். மகனாக நடித்தவரைத் தவிர ஏறக்குறைய யாருமே தொழில்முறை நடிகர் இல்லை. படிக்க வைத்த அப்பாவின் எதிரே நின்று மகன் கத்தும் காட்சியை, முதல் தலைமுறையாகப் படித்து வேலைக்குப் போன யாரும் சும்மா பார்த்துவிட முடியாது.

வரிசை வேண்டுமென்றால் 'ல த்ரூ' முதலில், அடுத்து 'மென் ஓசெயான்'. இரண்டும் ஒத்துவந்தால் ஸெட் படங்கள் இரண்டையும் அடுத்தடுத்த நாளில். பியாலாவை மனசு கொஞ்சம் தெம்பாக இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். க்ரெமியோன் கடைசியில் வரட்டும். 'ரெமோர்க்' புயல் காட்சிகளில் கப்பல்கள் ஸ்டுடியோ மாடல்கள் என்பது பளிச்சென்று தெரியும், எடுத்தவுடன் அதில் ஆரம்பித்தால் கபேனைச் சரியாகப் பார்ப்பதற்குள் அணைத்துவிடுவீர்கள்.