லிஃப்ட் கிட்: எவ்வளவு தூக்கலாம், எதை விட்டுவிடக் கூடாது?

லிஃப்ட் கிட் என்றால் வண்டியை உயர்த்த மாட்டும் ஸ்பிரிங், ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் குழாய்) முதலிய பாகங்களின் செட். அதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் இது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன். என்ன வண்டி என்று சொல்லாதவர்களுக்குப் பொதுவான பதில்தான்.

கேள்வி: அண்ணா, வண்டியை 4 அங்குலம் தூக்கலாம் என்று இருக்கிறேன். எந்த கிட் வாங்கலாம்?

பதில்: கிட் இருக்கட்டும் தம்பி, எந்த டயர் போடப் போகிறீர்கள்? ஜிம்னி மாதிரி முன்னும் பின்னும் சாலிட் ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே விறைப்பான அச்சு) உள்ள வண்டியில் ஸ்பிரிங் தூக்குவது சேஸிஸையும் (வண்டியின் அடிச்சட்டம்) பாடியையும் மட்டும்தான். டிஃப்ரன்ஷியல் (ஆக்சிலில் புடைத்திருக்கும் கியர் கூடு) ஆக்சிலோடு இருப்பதால் அது இம்மிகூட உயராது. டயர் 29 அங்குலத்திலிருந்து 31 ஆனால்தான் அது 1 அங்குலம் மேலே வரும். பழைய டயரோடு 4 அங்குலம் தூக்கினாலும், போன தடவை டிஃப்ரன்ஷியலில் இடித்த கல் இந்தத் தடவையும் இடிக்கும். லிஃப்டால் கிடைப்பது பெரிய டயருக்கு இடம், வண்டியின் வயிற்றுக்கும் முன்பின் பம்பருக்கும் கூடுதல் இடைவெளி.

பெரும்பாலானவர்களுக்கு 2 அங்குலம், அதாவது 50 மி.மீ. போதும். அதைத் தாண்டினால் ஆர்ம் (ஆக்சிலையோ சக்கரத்தையோ சேஸிஸோடு இணைக்கும் கை), ஷாஃப்ட் (இன்ஜின் சக்தியைக் கடத்தும் தண்டு), பிரேக் ஹோஸ், ஸ்டியரிங் ராடு என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டிவரும். கிட்டின் விலையை மட்டும் பார்த்து இறங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கேள்வி: பாடி லிஃப்ட் மலிவாக இருக்கிறதே, அது போதாதா?

பதில்: பாடி லிஃப்ட் என்றால் சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டை வைத்துப் பாடியை மட்டும் தூக்குவது. பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் இருக்க அது உதவும். சேஸிஸ் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். அடியில் தட்டுவதுதான் உங்கள் பிரச்சினை என்றால் காசு வீண்.

கேள்வி: சார், என் பிக்கப்பில் முன்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஆடும் அமைப்பு). ஸ்ட்ரட்டுக்கு மேல் 50 மி.மீ. ஸ்பேசர் (இடைத்தட்டு) வைத்தால் 50 மி.மீ. உயருமா?

பதில்: இல்லை, அதைவிட அதிகம் உயரும். ஸ்ட்ரட் என்பது ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண். அதன் அடிமுனை கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் உட்காரும், சக்கரம் ஆர்மின் நுனியில் இருக்கும். அதனால் பல வண்டிகளில் 25 மி.மீ. ஸ்பேசரே சக்கரத்தில் ஏறக்குறைய 50 மி.மீ. தூக்கிவிடும். நீங்கள் 50 வைத்தால் சிவி ஜாய்ன்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு) மோசமான கோணத்தில் சுற்றும், பூட் (அந்த மூட்டின் ரப்பர் உறை) கிழிந்து கிரீஸ் தெறிக்கும். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பால் ஜாய்ன்ட்டும் (ஆர்மின் நுனியில் உள்ள உருண்டை மூட்டு) அதற்கு விதித்த எல்லையைத் தாண்டும். ஸ்பேசரை விட்டுவிட்டு, ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வரும் செட்டாக வாங்குங்கள்.

கேள்வி: ஸ்பிரிங்கில் மீடியம், ஹெவி என்று இருக்கிறதே, எது எடுப்பது? ஹெவி எடுத்தால் பிற்பாடும் உதவும்தானே?

பதில்: உதவாது. தினமும் வண்டியில் இருக்கும் எடையைக் கணக்கிடுங்கள். இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிவட உருளை), கூரை ரேக், இரண்டாவது பேட்டரி எல்லாம் அதில் சேரும். வருடத்துக்கு ஒருமுறை ஏற்றும் சாமான் சேராது. 300 கிலோ சுமைக்கான ஸ்பிரிங்கைக் காலி வண்டியில் மாட்டினால் சொன்னதைவிட உயரமாக நிற்கும், சின்ன மேட்டுக்கெல்லாம் குதிக்கும், குதிக்கிற டயருக்குப் பிடிப்பும் குறையும். எடைமேடையில் முன் ஆக்சில், பின் ஆக்சில் என்று தனித்தனியாக நிறுத்திப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

கேள்வி: பின்பக்க லீஃப் ஸ்பிரிங்குக்கும் (இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) ஆக்சிலுக்கும் நடுவில் கட்டை வைத்துத் தூக்கலாமா?

பதில்: பின்னால் ஒரே ஒரு கட்டை, அளவு சிறியது என்றால் சரி. கட்டை மேல் கட்டை கூடாது. முன் ஆக்சிலில் கட்டையே கூடாது. இன்னொன்று, பல பிக்கப்களில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு ராடு பிரேக் வால்வுக்குப் போகும். பின்பக்கம் உயர்ந்துவிட்டால் வண்டி காலி என்று அந்த வால்வு எடுத்துக்கொண்டு, பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்துவிடும். அதன் பிராக்கெட்டையும் உயர்த்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் இதைப் பலர் கவனிப்பதில்லை.

கேள்வி: லிஃப்ட் போட்டதிலிருந்து வேகமாகப் போனால் ஸ்டியரிங் அலைகிறது. அலைன்மென்ட் சரியாக இருக்கிறது என்கிறார் மெக்கானிக்.

பதில்: டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்திருப்பார். காஸ்டர் அளவைக் கேளுங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால், சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்தான் காஸ்டர். சாலிட் ஆக்சில் வண்டியைத் தூக்கும்போது ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சரியும், ஆக்சிலும் அவற்றோடு சேர்ந்து சுழன்று காஸ்டர் குறைந்துவிடும். திருப்பத்துக்குப் பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதும் நேர் ரோட்டில் கோடு பிடித்துப் போவதும் காஸ்டரால்தான். அதைச் சரிசெய்ய ஓட்டை நடுவில் இல்லாமல் தள்ளியிருக்கும் காஸ்டர் புஷ் (ஆர்மின் முனையில் போடும் ரப்பர் உருளை) கிடைக்கும், அல்லது அதற்கென்றே செய்த ஆர்ம் போடலாம்.

அப்படியே பன்ஹார்ட் ராடையும் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேஸிஸோடு பிடித்திருக்கும் கம்பி) பாருங்கள். அதன் நீளம் மாறாததால், வண்டியைத் தூக்கினால் ஆக்சில் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும். இரண்டு பக்கமும் சேஸிஸிலிருந்து ரிம் வரை அளந்தால் தெரிந்துவிடும். நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டால் தீர்ந்தது.

கேள்வி: வீட்டிலேயே நானே மாட்ட முடியுமா?

பதில்: சாலிட் ஆக்சிலில் காயில் ஸ்பிரிங் என்றால் பழகிய கைக்கு முடியும். ஸ்ட்ரட்டைப் பிரிக்க வேண்டியிருந்தால் ஸ்பிரிங்கை அமுக்கும் வேலையை ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். அது நழுவினால் உயிருக்கே ஆபத்து. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்டு இருக்கட்டும். ஆக்சிலை இறக்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இறக்குங்கள். லீஃப் ஸ்பிரிங்கில் பழைய யு-போல்ட்டை (ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் U வடிவ போல்ட்) திரும்பப் போடாதீர்கள், அது ஏற்கெனவே இழுபட்டது.

அப்புறம், ஆர்ம் போல்ட்கள். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அவற்றை முழுதாக இறுக்கக் கூடாது. ரப்பர் புஷ்ஷின் நடுவில் ஓர் இரும்புக் குழாய் இருக்கும். போல்ட் அதைப் பிராக்கெட்டோடு சேர்த்து இறுக்கிவிடும், அதன் பிறகு ரப்பர் முறுக்கிக் கொடுத்தால்தான் ஆர்ம் மேலும் கீழும் ஆட முடியும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய கணமே எல்லா புஷ்ஷும் முறுக்கேறி நிற்கும். வண்டி விறைப்பாக இருக்கும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். எனவே கையால் நட்டைப் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, பம்பரை நாலு தடவை அமுக்கி ஆட்டிவிட்டு, பிறகு டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) இறுக்குங்கள். 500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி சரிபாருங்கள். ஹெட்லைட்டையும் இறக்கி வையுங்கள், எதிரே வருபவர் கண் கூசும்.

கேள்வி: திருப்பத்தில் அதிகம் சாயுமா?

பதில்: சாயும். ஈர்ப்பு மையம் மேலே போய்விட்டது, வேகத்தைக் குறைத்துத்தான் திருப்ப வேண்டும்.

கேள்வி: மாட்டி முடித்தாயிற்று. ஒரு பக்கம் அரை அங்குலம் இறங்கி நிற்கிறது. ஸ்பிரிங் போலியா?

பதில்: அவசரப்படாதீர்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றுகூடக் கணக்கைக் குழப்பும். சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளங்கள். அப்போதும் வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங்கில் உள்ள எண்ணைப் பாருங்கள். சில கிட்களில் டிரைவர் பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் உயரம் வேறு வேறாக வரும், இடம் மாற்றி மாட்டியிருக்க வாய்ப்பு உண்டு. எண்ணும் சரி என்றால், ஸ்பிரிங்கின் நுனி அதன் இருக்கையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.