பொன்னாடை போர்த்தியாயிற்று, மனு எங்கே?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: தேர்தலில் வென்ற எம்.எல்.ஏ.வை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்துக்குள் பாராட்டி மகஜர் கொடுக்கலாம் என்று சேகரக் கமிட்டியில் தீர்மானம் போட்டிருக்கிறோம். கல்லறைத் தோட்டச் சுவரிலிருந்து ஏழைகளுக்குப் பட்டா வரை 14 கோரிக்கைகள். சரிதானா?
(சேகரச் செயலர், தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: 14 கோரிக்கை மகஜரால் போட்டோ கிடைக்கும், வேலை நடக்காது. அதைத் துறைவாரியாகப் பிரித்து அனுப்ப யாருக்கும் பொறுமை இருக்காது. ஒரு துறைக்கு ஒரு தாள், ஒரு தாளில் ஒரே கோரிக்கை என்று எழுதுங்கள். எந்தத் தெரு, எத்தனை குடும்பம், ஏற்கெனவே கொடுத்த மனுவின் எண், கோப்பு இப்போது எந்த அலுவலகத்தில் கிடக்கிறது என்பதெல்லாம் அதில் இருந்தால்தான் அவருடைய உதவியாளர் அங்கிருந்தபடியே தாசில்தாருக்குப் போன் போட முடியும்.

சபையின் தேவையை ஏழைகளின் தேவையோடு கலக்காதீர்கள். சுவர் முதலில் வந்தால் பட்டா கடைசிக்குப் போய்விடும். எம்.பி. தொகுதி நிதியைக் கேட்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வழிபாட்டுத் தலத்துக்குள் வேலை செய்ய அந்த நிதியின் விதிகளே இடம் தரவில்லை.

சந்திப்பை எம்.எல்.ஏ. அலுவலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழிபாட்டு இடத்தை அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்துவதை 1988-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 5 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ஆலயத்துக்கு அவர் வந்து போவது குற்றமல்ல. மைக் கைக்கு வந்ததும் பேச்சு கட்சிப் பேச்சாகிவிடுவதுதான் வம்பு. தோற்றவருக்கு ஓட்டுப்போட்டவர்களும் அதே பெஞ்சில்தானே உட்கார்ந்திருப்பார்கள்?

கேள்வி: எங்கள் தெருவில் ஓர் ஏழைப் பாட்டியின் முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் திரும்பத் திரும்பத் தள்ளுபடியாகிறது. சபையாக என்ன செய்யலாம்?
(பெண்கள் ஐக்கிய சங்க உறுப்பினர், திருநெல்வேலி)

பதில்: மறுபடி விண்ணப்பிப்பதற்கு முன்னால், ஏன் தள்ளினார்கள் என்று பாருங்கள். விண்ணப்ப எண்ணைக் கொண்டு இ-சேவை மையத்தில் நிலையைப் பார்க்கலாம். பெரும்பாலும் தகராறு பெயரிலோ வயதிலோதான் இருக்கும். ஞானஸ்நானப் பதிவேட்டில் ‘மரிய பாக்கியம்’, ரேஷன் கார்டில் ‘பாக்கியம்’, பாஸ்புக்கில் கணவர் பெயரும் சேர்ந்து இன்னொன்று. ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே முறையும்தான் மாற்ற முடியும். அதனால் எந்த எழுத்தில் எல்லா ஆவணமும் ஒத்துவரும் என்று முதலில் தாளில் எழுதி முடிவுசெய்துவிட்டுத் திருத்தப் போங்கள். பழைய ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் ஆலய அலமாரியில்தான் இருக்கின்றன. ஆயர் ஒரு பகல் ஒதுக்கி அவற்றைத் தேடி நகல் கொடுத்தால் அதுவே பெரிய ஊழியம்.

அடுத்த சிக்கல் கள விசாரணை. கோப்பு கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து (வி.ஏ.ஓ.) வருவாய் ஆய்வாளருக்கும் (ஆர்.ஐ.), அங்கிருந்து சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனித் தாசில்தாருக்கும் போகும். ‘மகன் இருக்கிறார்’ என்ற ஒரு வரியில் நின்றுபோவது வாடிக்கை. மகன் வெளியூரில், பணம் அனுப்புவதில்லை என்றால், விசாரணைக்கு வரும் நாளில் பக்கத்து வீட்டார் இரண்டு பேர் அதைச் சொல்லத் தயாராக இருக்கட்டும்.

மறுபடியும் தள்ளினால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போங்கள். தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்த வாரங்களில் கூட்டம் நடந்திருக்காது. அப்போது கலெக்டர் அலுவலகப் பெட்டியில் போட்ட மனுவை நம்பிக் காத்திருக்காமல் புதிதாகக் கொடுத்து ஒப்புகை ரசீது வாங்குங்கள். ஒரு மாதம் பதில் இல்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு, சான்று வைத்தால், கட்டணமே இல்லை. ‘ஏன் தரவில்லை?’ என்று கேட்டால் மழுப்பலான பதில் வரும். ‘கள விசாரணை அறிக்கையின் நகலும் தள்ளுபடி ஆணையின் நகலும் வேண்டும்’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

பாட்டி உங்கள் சபையைச் சேர்ந்தவரா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததே சரி. அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில் பந்தியில் விடுபட்ட விதவைகளுக்காக ஏழு பேரை நியமித்தார்கள். நீங்கள் இரண்டு பேரையாவது நியமித்து, தெரு முழுவதற்கும் ஒரு நோட்டுப் போட்டு மனு எண்களை எழுதிவையுங்கள்.

கேள்வி: ஏரிக்கரையில் வசிக்கும் குடும்பங்களுக்குப் பட்டா வாங்கித் தருவதாகத் தேர்தலில் வாக்குக் கொடுத்தார்கள். எப்படி வலியுறுத்துவது?
(பங்குப்பேரவை உறுப்பினர், செங்கல்பட்டு)

பதில்: சர்வே எண்ணைக் கொண்டு, வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டைப் பாருங்கள். கிராம நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) என்றால் பட்டா கேட்கலாம். ஏரி, குளம், வாய்க்கால் என்றால் யார் வாக்குக் கொடுத்திருந்தாலும் அந்த இடத்துக்குப் பட்டா கிடைப்பது அரிது. நீர்நிலை ஆக்கிரமிப்பில் நீதிமன்றங்கள் கண்டிப்பாக இருக்கின்றன. அங்கேயே பட்டா கேட்டு ஆண்டுகளைக் கழிப்பதைவிட, வெளியேற்றும் நோட்டீஸ் வருவதற்கு முன்பே, பள்ளிக்கூடமும் வேலையும் எட்டுகிற தூரத்தில் மாற்று இடம் கேட்டு மனு கொடுப்பது புத்திசாலித்தனம்.

வழக்கமாக மே, ஜூனில் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி (வருவாய்க் கணக்குத் தணிக்கை) நடக்கும். தேர்தல் ஆண்டில் தள்ளிப்போகலாம். உங்கள் பிர்காவுக்கு (குறுவட்டத்துக்கு) எந்த நாள் என்று கேட்டு, குடும்பத்துக்கு ஒரு மனுவாகக் கொடுங்கள். கிராம சபையிலும் தீர்மானம் வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடுகிறது. 3,001 முதல் 10,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 200 பேர் வந்தால்தான் கோரம். தீர்மானத்தைப் புத்தகத்தில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி வேண்டும் என்று எம்.எல்.ஏ.விடம் கேட்கலாமா?
(வாசகர், விழுப்புரம்)

பதில்: அது எம்.எல்.ஏ. கையில் இல்லை. பட்டியல் சாதியினர் யார் என்று சொல்லும் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையை நாடாளுமன்றம்தான் திருத்த முடியும். சீக்கியருக்காக 1956-லும் பௌத்தருக்காக 1990-லும் திருத்தியது. தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலிலேயே தீர்மானம் போட்டுவிட்டது. எனவே எம்.பி.க்கு எழுதுங்கள். அதுவரை ஒரு எச்சரிக்கை: ஞானஸ்நானத்தை மறைத்து இந்து என்று சான்று வாங்காதீர்கள். புதுச்சேரி வழக்கொன்றில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. மதம் மாறிய ஆதிதிராவிட மாணவருக்கு மாநில அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கலெக்டர் அலுவலகத்துக்கு ஆட்களை அழைத்துப்போக வேன் வாடகையை வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் எழுதலாமா?
(அறக்கட்டளைக் கணக்கர், மதுரை)

பதில்: வேண்டாம். எந்த நோக்கத்துக்கு வந்ததோ அதற்குத்தான் அந்தப் பணத்தைச் செலவிட வேண்டும். வேறு சங்கத்துக்குக் கைமாற்றுவதையும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தம் தடுத்துவிட்டது. காணிக்கையிலிருந்து கமிட்டித் தீர்மானத்தோடு எடுத்து, வேன்காரரிடம் ரசீது வாங்கி வையுங்கள்.