கோழிக் கழிவு ஆலையில் மகளுக்கு வேலை: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

வேதிப் பொறியியல் முடித்த தங்கள் மகளுக்குக் கோழிக் கழிவைப் பதப்படுத்தும் ஆலையொன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை கிடைத்திருப்பதையும், "படித்த படிப்புக்கு இதுவா?" என்று உறவினர் கேட்பதையும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கேள்வியில் சாதிக் கண்ணோட்டம் எவ்வளவு, அறியாமை எவ்வளவு என்பதைத் தாங்களே பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இறைச்சிக் கடைகளிலிருந்து வரும் குடல், தலை, கால் ஆகியவற்றை நீராவியால் சூடேறும் குக்கரில் வேகவைத்து, ஈரத்தை வெளியேற்றி, பிழிந்து, கொழுப்பையும் புரதத்தையும் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். கொழுப்பு கோழித் தீவனத்துக்கும் பயோடீசலுக்கும் பயன்படுகிறது. புரதத் தூள் மீன் தீவனத்திலும் நாய், பூனை உணவிலும் சேர்கிறது. இறகு மட்டும் தனிக் கதை. அதிலுள்ள கெரட்டின் என்னும் புரதம் கந்தகப் பிணைப்புகளால் இறுகியிருப்பதால், அழுத்த நீராவியில் அவற்றை உடைத்தாலொழியக் கோழியாலோ மீனாலோ சரிவரச் செரிக்க முடியாது. ஆனால் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிப் புரத அளவைக் கணிக்கும் கெல்டால் சோதனை, வேகாத இறகிலும் 80 விழுக்காட்டுக்கு மேல் புரதம் இருப்பதாகவே காட்டும். எனவே எவ்வளவு புரதம் செரிக்கும் என்பதை இரைப்பை நொதியான பெப்சினைக் கொண்டு அறியும் செரிமானச் சோதனையையும் செய்து பார்த்த பின்பே சரக்கை அனுப்ப வேண்டும். அந்தத் தீர்ப்பைச் சொல்லும் இடத்தில்தான் தங்கள் மகள் அமரப்போகிறார்.

அந்தத் தீர்ப்பு சிறிய பொறுப்பன்று. பிரிட்டனில் 1986இல் கண்டறியப்பட்ட மாட்டுப் பித்து நோய் (mad cow disease) இறைச்சி-எலும்புத் தூள் வழியே பரவியது தெரிந்து, அசைபோடும் விலங்குகளுக்கு அத்தகைய தூளைக் கொடுப்பதை 1988இல் அந்நாடு தடைசெய்தது. பின்னர் பாலூட்டிக் கழிவுக்கென ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த 133 பாகை செல்சியஸ், 3 பார் அழுத்தம், 20 நிமிடம் என்ற அளவுகோலை அவர் இப்போதே படித்து வைக்கலாம்.

நாற்றத்தைப் பற்றிய தங்கள் கவலை நியாயமானது. சேருமுன் ஆலையை நேரில் பார்க்க அனுமதி கேளுங்கள். கழிவு வந்த உடனே வேகவைக்கப்பட்டு, ஆவி குளிர்விக்கப்பட்டு, மிஞ்சும் வாயு, நுண்ணுயிர்களால் நாற்றத்தைச் சிதைக்கும் உயிரி வடிகட்டி வழியே வெளியேறினால் நாற்றம் பெரும்பாலும் அடங்கிவிடும். கழிவு திறந்தவெளியில் குவிந்து கிடந்தால், சம்பளம் எவ்வளவானாலும் வேண்டாம். அங்கே கொழுப்பின் தரமும் கெட்டிருக்கும். நாற்றத்தைவிட அஞ்ச வேண்டியது கழிவுநீர்த் தொட்டிகளில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு. வாயுவை அளக்காமல் எவரையும் தொட்டிக்குள் இறக்குவதில்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இங்கே கற்கும் கொழுப்பு, புரதப் பகுப்பாய்வு பிற்பாடு சோப்பு, சமையல் எண்ணெய், தீவன ஆலைகளிலும் கைகொடுக்கும். இரவுப் பணி உண்டா, வாகன வசதி உண்டா என்பதை நியமனக் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.