கும்மிப் பாட்டுக்கு ஒரு லேபிள்: ஸ்டுடியோவுக்குப் போகும் முன்

கேள்வி: கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு ஊருங்க. எங்க வள்ளிக் கும்மிக் குழுவுல இருபது பேர். எட்டுப் பாட்டைப் பதிவு பண்ணி, சொந்தமா ஒரு லேபிள் (பாட்டு வெளியிடற நிறுவனம்) ஆரம்பிக்கலாம்னு இருக்கறோம். கையில ரெண்டு லட்சம் இருக்குதுங்க. முதல்ல எதைச் செய்யறது?

பதில்: ஸ்டுடியோவுக்கு முன்பணம் கொடுப்பதைத் தள்ளிவையுங்கள். முதலில் எட்டுப் பாட்டையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மெட்டு யாருடையது, வரி யாருடையது என்று கும்மி ஆசிரியரிடம் கேட்டுக் குறியுங்கள். சினிமா மெட்டில் வள்ளி முருகன் கதையை வைத்துப் பாடுவது கும்மியில் சகஜம்தான். கோயில் திடலில் அதை யாரும் கேட்பதில்லை. யூடியூபில் ஏற்றினால், உரிமையுள்ள பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் அதன் 'கன்டென்ட் ஐடி' மெட்டைப் பிடித்துவிடலாம். வருமானம் மெட்டுக்கு உரியவருக்குப் போகும், அல்லது பாட்டே முடங்கும். அந்தப் பாட்டுகளை ஒதுக்குங்கள். வழிவழியாக வந்த மெட்டை யார் வேண்டுமானாலும் பாடலாம். உங்களுக்கு உரிமை உங்கள் பதிவில்தான், மெட்டில் இல்லை. ஆசிரியரே கட்டிய பாட்டுதான் லேபிளுக்கு உண்மையான மூலதனம்.

அந்த மூலதனத்தைக் காப்பது ஒப்பந்தம். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19-ன்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். பாட்டைச் சிங்கப்பூரிலும் துபாயிலும் கேட்பார்கள்; 'உலகம் முழுவதும்' என்ற சொல் விடுபடக் கூடாது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, எழுதியவரும் இசையமைத்தவரும் தங்களுக்குரிய சமபங்கு ராயல்டியை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் செல்லாது. பாட்டின் உரிமை ஆசிரியரிடமே இருக்கட்டும், லேபிள் 7 ஆண்டுக்கு உரிமம் (பயன்படுத்தும் அனுமதி) மட்டும் வாங்கட்டும், பதிவு லேபிளுடையது. கிராமத்துக் குழுவுக்கு இதுதான் நியாயமான ஏற்பாடு. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் ஆசிரியரைச் சேர்த்துவிடுங்கள்.

பாடியவர், மேளம் அடித்தவர், பின்பாட்டுக்காரர் என்று இருபது பேரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்குங்கள். பாட்டு ஓடாதவரை யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். ஓடிய மறுநாள் கேட்பார்கள். செலவு 40,000, வரவு 60,000 என்றால் மீதி 20,000-ஐத்தான் லேபிளுக்கும் குழுவுக்கும் பாதிப்பாதியாகப் பிரிக்கிறோம் என்பதை இப்போதே எழுதுங்கள். எவையெல்லாம் செலவு என்பதையும் எழுதுங்கள்: வேன் வாடகையிலும் சாப்பாட்டிலும்தான் சண்டை வருகிறது.

லேபிளை ஒருவர் பெயரில் தொடங்காமல் மூன்று நான்கு பேர் கூட்டாக, நடப்புக் கணக்கோடு தொடங்குங்கள். அரசின் சிறுதொழில் பதிவான உத்யமுக்குக் கட்டணம் இல்லை. லேபிள் பெயருக்கு வணிகக்குறி (டிரேட்மார்க்) பதியுங்கள், வகுப்பு 9-லும் (ஒலிப்பதிவு) 41-லும் (பொழுதுபோக்கு). சிறுதொழிலுக்கு ஆன்லைனில் வகுப்புக்கு 4,500 ரூபாய்.

பதிவுக்கு வருவோம். கும்மியில் போகப்போக வேகம் ஏறும்; ஆட்டத்தின் உயிரே அதுதான். மெட்ரோனோம் (ஒரே வேகத்தில் தட்டும் தாளக் கருவி) வைத்து அதை நேராக்காதீர்கள். மேளத்தையும் முன்பாட்டையும் ஒரே நேரத்தில், தனித்தனி அறையில், ஹெட்ஃபோன் மாட்டி எடுங்கள். பின்பாட்டும் கைத்தட்டும் அதன்மேல் வரட்டும். பாடுகிறவர் காலில் சலங்கை வேண்டாம். பாட்டு மைக்கில் ஏறிய சலங்கையைச் சுத்தமாகப் பிரிக்க முடியாது. பறை உண்டென்றால் தீ மூட்டிக் காய்ச்ச வெளியே இடம் இருக்கிறதா என்று ஸ்டுடியோவில் கேளுங்கள். தோல் ஆறினால் சுருதி இறங்கி, முதல் டேக்கோடு நாலாவது டேக் ஒட்டாது. கல்யாண மண்டபத்தில் எடுக்கவே கூடாது, அந்த எதிரொலி போகாது. பதிவின் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், சத்தத்தின் உச்சம் மைனஸ் 10 டெசிபலுக்குள் என்று ஸ்டுடியோவில் சொல்லுங்கள். மாஸ்டரை, அதாவது வெளியிடப்போகும் கடைசி ஒலிக்கோப்பை, சத்தமாக ஏற்றச் சொல்லாதீர்கள். ஸ்பாட்டிஃபை அதன் சத்தத்தை மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) அளவுக்கு இறக்கிவிடும், மேளத்தின் அடி மட்டும் நசுங்கிப்போயிருக்கும்.

ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்குப் பாட்டை அனுப்பும் விநியோக நிறுவனத்திடம் இரண்டு கேள்வி: லேபிள் பெயரை நாமே போடலாமா? ஆண்டுச் சந்தா கட்டாவிட்டால் பாட்டை எடுத்துவிடுவார்களா? ஒவ்வொரு பாட்டுப் பதிவுக்கும் அடையாளமாக வரும் 12 எழுத்து ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணைக் குறித்துவையுங்கள், நிறுவனம் மாறினாலும் அதே எண் போக வேண்டும், இல்லாவிட்டால் கேட்பு எண்ணிக்கை அறுந்துபோகும். பாடகர் பெயருக்கு ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டல். மாற்றினால் இன்னொரு பாடகராகப் பிரிந்துவிடும். அட்டைப் படம் 3000-க்கு 3000 பிக்சல், அதில் போன் நம்பர் கூடாது.

ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 கேட்புக்குக் குறைந்த பாட்டுக்குப் பணம் இல்லை. எட்டையும் ஒரே நாளில் விட்டால் கவனம் சிதறும். இரண்டு பாட்டோடு தொடங்கி, பாதிப் பணத்தைக் கையில் வையுங்கள். காசு கொடுத்துக் கேட்பு வாங்கினால் பாட்டே நீக்கப்படலாம்.

தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்களிடம் பாட்டுப் போய்ச் சேர வேண்டுமென்றால் மார்கழி பிறக்கும்போது வெளிவந்திருக்க வேண்டும். கோப்புகள் கார்த்திகை நடுவிலேயே விநியோகத்துக்குப் போக வேண்டும். பதிவைப் புரட்டாசியில் வையுங்கள், ஐப்பசி மழையில் மேளத் தோல் தொய்ந்துவிடும்.