புனேக்குப் பதவி உயர்வு: கடையைப் பூட்டலாமா?

கேள்வி: காரைக்குடியில் ஒரு பொதுத்துறை வங்கியில் ஸ்கேல் 2 மேலாளராக இருக்கிறேன். ஸ்கேல் 3 பதவி உயர்வு வந்து, புனேயில் சேரச் சொல்லிவிட்டார்கள். கணவர் செக்காலையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். மகள் மெட்ரிக் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். மகன் ஐந்தாம் வகுப்பு. மாமியாரும் எங்களோடுதான். கடையைப் பூட்டிவிட்டு எல்லோருமே போய்விடலாம் என்கிறார் கணவர். வெளிமாநிலத்தில் படித்தால் மகளுக்குத் தமிழ்நாட்டுக் கல்லூரி சீட் போய்விடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யட்டும்?
– வாசகி, காரைக்குடி

பதில்: பதவி உயர்வை ஏற்றுக்கொள்ளுங்கள் அம்மா. இந்த ஒரு வருஷம் நீங்கள் மட்டும் போங்கள். கடை திறந்தே இருக்கட்டும்.

ஏற்கச் சொல்வதற்குக் காரணம், மறுத்தால் அடுத்த தேர்வுக்கு உட்காரவே சில காலம் விட மாட்டார்கள். எத்தனை காலம் என்பது வங்கிக்கு வங்கி மாறும், உங்கள் வங்கியின் பதவி உயர்வுக் கொள்கையில் இருக்கும். மறுத்ததாலேயே காரைக்குடியில் விட்டுவைப்பார்கள் என்று யாரும் எழுதிக் கொடுப்பதும் இல்லை. பணியாளர் பிரிவில் முப்பது வருஷம் இடமாற்ற உத்தரவு தட்டச்சு செய்த மேசையில் இருந்தவன் நான். பதவி உயர்வும் போய், ஊரும் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தனியாகப் போகச் சொல்வது மகளுக்காக. புனேயில் சிபிஎஸ்இ பள்ளி தேடினால், அதில் ஒன்பதும் பத்தும் சேர்த்து ஒரே படிப்பு. வேறு போர்டில் ஒன்பது முடித்த பிள்ளையை நேராகப் பத்தில் சேர்ப்பது லேசில் நடக்காது. பெற்றோர் இடமாற்றம் என்று காரணம் காட்டலாம்தான், ஆனால் அனுமதி வாங்குவதற்குள் அரைப் பரீட்சை வந்துவிடும். "நான் சீட் வாங்கித் தருகிறேன்" என்று புனேயில் ஒருவர் நிச்சயம் போன் செய்வார். எடுக்காதீர்கள். மார்ச்சில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடியட்டும். பதினொன்றில் எந்தப் போர்டுக்கு மாறுவதும் சுலபம்.

மகன் விஷயம் சின்னது. மகாராஷ்டிரத்தில் 2020 சட்டப்படி எந்தப் போர்டு பள்ளியானாலும் பத்தாம் வகுப்புவரை மராத்தி படித்தாக வேண்டும். பத்து வயதில் பிடித்துக்கொள்வான். ஆனால் அக்காவை விட்டு அவனை மட்டும் கூட்டிப்போய், சாயங்காலம் ஏழு மணிவரை கிளையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்காகப் பூட்டிய ஃபிளாட்டில் காத்திருக்க வைக்க வேண்டாம்.

இப்போது சொந்தக்காரர்கள் சொன்னதற்கு வருகிறேன், பாதிப் பேர் தப்பாகப் புரிந்துகொள்வது இதைத்தான். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் நேட்டிவிட்டி, அதாவது தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர் என்ற சான்றிதழ் தேவையில்லை. மருத்துவத்துக்கு இந்தக் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்து. நடுவில் வெளியே படித்தால் சீட் போகாது, சான்றிதழ் காட்ட வேண்டும், அவ்வளவுதான். குடும்பம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது என்பதற்குப் பெற்றோரின் ஆவணங்களும் கேட்பார்கள். வெளியே போனால் நிஜமாகவே போய்விடுவது 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அது ஆறாவதிலிருந்து தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கானது. உங்கள் மகள் மெட்ரிக் பள்ளி, அவளுக்கு அது முதலிலேயே இல்லை. இல்லாத ஒன்று போய்விடும் என்று பயப்பட வேண்டாம். ஒரு எச்சரிக்கை: இ-சேவை மையத்தில் இருப்பிடச் சான்றிதழ் என்று ஒன்றும், நேட்டிவிட்டி என்று ஒன்றும் தனித்தனியாக இருக்கின்றன. கவுண்டரில் இருக்கும் பையன் அவசரத்தில் முதலாவதைத் தட்டிவிடுவான். அது இதற்கு உதவாது. கட்டணம் 60 ரூபாய்தான். அதற்கு ஐந்நூறு கேட்கும் ஆள் தாலுகா ஆபீஸ் வாசலிலேயே நிற்பார்.

குடும்பத்தை விட்டுவிட்டுப் போவது உங்கள் ஊருக்குப் புதிதில்லை. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போன நகரத்தார் கடை ஆட்கள் பெரும்பாலும் குடும்பத்தைச் செட்டிநாட்டிலேயே விட்டுவிட்டுத்தான் கப்பலேறினார்கள். ஆனால் கிளம்பும் முன்பே சம்பளச் சீட்டு எழுதிவிடுவார்கள்: இவ்வளவு சம்பளம், கணக்கு, அதாவது பணிக்காலம், மூன்று வருஷம். கணக்கு முடிந்ததும் ஊர். இன்றைய உத்தரவுகளில் போகும் தேதி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது, திரும்பும் தேதியைக் காணோம். இந்தப் பக்கம் பள்ளிச் சேர்க்கை முடிந்தபிறகு உத்தரவு போட்டு, ஏழு நாளில் சேரச் சொல்லும் நிர்வாகத்திடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

அதனால் தேதியை நீங்கள் எழுத வேண்டும். 2014 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் வங்கிகளுக்கு ஒரு வழிகாட்டுதல் அனுப்பியது. திருமணமான பெண் ஊழியர் கேட்டால், கூடுமானவரை கணவர் இருக்கும் ஊரிலோ பக்கத்திலோ பணியிடம் தர வேண்டும் என்கிறது. அந்தக் 'கூடுமானவரை'க்குள் ஒரு யானையே நுழைந்து போகும். இருந்தாலும் புனேயில் சேர்ந்ததும் அதைக் குறிப்பிட்டு மதுரை அல்லது திருச்சி கேட்டு ஒரு விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வையுங்கள். பிற்பாடு கேட்டால் "முன்பே ஏன் சொல்லவில்லை" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அப்புறம், "ஆறே மாசத்தில் மதுரை, இரண்டு லட்சம்" என்று ஓர் ஆள் வருவார். மேலே ஆள் இருக்கிறது என்பார். வரிசைப்படி வரவேண்டிய இடமாற்றம் தானாக வந்தால் அவர் வாங்கித் தந்ததாகக் கணக்கு. வராவிட்டால் போன் அணைந்திருக்கும். என் மேசைக்கு வந்த உத்தரவுகளின் நகல் அன்று சாயங்காலமே இப்படிப்பட்டவர்கள் பையில் இருந்ததைப் பார்த்தவன் சொல்கிறேன்.

சாமான் விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். ஒரு மாற்றத்தின்போது நோட்டீஸைப் பார்த்து, குறைந்த ரேட் சொன்ன பேக்கர்ஸ் ஆளைப் பிடித்தேன். ஓசூர் தாண்டி லாரியை ஓரம் கட்டிவிட்டு, எடை கூடிவிட்டது, இன்னும் பதினெட்டாயிரம் போட்டால்தான் வண்டி நகரும் என்றார்கள். கையில் இருந்த ரசீதைப் பார்த்தால் பென்சிலில் 'பெட்டி 14, குக்கர் 1' என்று மட்டும். எடையும் இல்லை, முகவரியும் இல்லை. கட்டினேன். அம்மாவின் குத்துவிளக்கு தண்டு வளைந்து வந்து சேர்ந்தது.

இதைவிடப் பெரிய குழி ஒன்று: "பில் எவ்வளவுக்கு வேண்டுமானாலும் போட்டுத் தருகிறேன், மேடம்" என்பார் பேக்கர்ஸ் ஆள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போய் ஆபீஸில் கொடுத்த ஒருவரின் பில்லை நான் சரிபார்த்தேன். லாரி எண் என்று எழுதியிருந்தது ஒரு மொபெட்டின் எண். விசாரணையில் அவருடைய அடுத்த பதவி உயர்வு நின்றது. பில் போட்ட ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நீங்கள் முதலில் இரண்டு பெட்டியோடு போவதால் இன்னொன்று கவனிக்க வேண்டும். குடும்பமும் சாமானும் குறிப்பிட்ட காலத்துக்குள் புனேக்கு வராவிட்டால் அந்தச் செலவைக் கேட்கும் உரிமை போய்விடும். மத்திய அரசு விதியில் அது ஆறு மாதம். உங்கள் வங்கியில் எவ்வளவு என்று பார்த்து, மகளின் தேர்வைக் காரணம் காட்டி அடுத்த ஜூன்வரை நீட்டிப்பை எழுத்தில் வாங்குங்கள். கல்வியாண்டின் நடுவே மாற்றினால் அதிகாரிகளுக்குத் தனி அலவன்ஸ் உண்டு. யாரும் கூப்பிட்டுத் தர மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

புனேயில் வீடு பதினொரு மாத 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தத்தில்தான் கிடைக்கும். அதைப் பதிவு செய்வது அங்கே கட்டாயம். புரோக்கர் நோட்டரி கையெழுத்தே போதும் என்றால் வேறு புரோக்கரைப் பாருங்கள்.

கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். ஹார்டுவேர் கடைக்குச் சரக்கைவிடப் பெரிய முதல், கொத்தனாரும் பிளம்பரும் கடனுக்கு வந்து நிற்கும் பழக்கம். ஒரு வருஷம் ஷட்டர் இறங்கியிருந்தால் அவர்கள் எதிர்க் கடைக்குப் போய்விடுவார்கள், நீங்கள் திரும்பி வரும்போது சரக்கு மட்டும் இருக்கும். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று தெரிந்தால் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் பழைய சாமான் பிடித்துக் கொடுக்கும் ஆட்களும் மாமியாரிடம் தேக்குத் தூணுக்கு விலை பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அடுத்த ஏப்ரலில் மகளின் விருப்பத்தையும் மதுரை விண்ணப்பத்தின் நிலையையும் வைத்து மறுபடி உட்கார்ந்து பேசுங்கள். நேட்டிவிட்டிக்கு மட்டும் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். பள்ளி திறந்துவிட்டால் இ-சேவை மையத்தில் நிற்க இடம் இருக்காது.