பழைய பித்தளைத் தோட்டாக் கூட்டை எப்போது கழிக்க வேண்டும்?

மறுபடி மறுபடி மருந்தும் குண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் கூட்டை, இத்தனை முறை சுட்டதும் கழித்துவிட வேண்டும் என்று கணக்கு உண்டா எனக் கேட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கையை நம்பாதீர்கள், கூட்டைப் பாருங்கள். கழுத்தில் மயிரிழை விரிசலா, கழித்துவிடுங்கள். ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்க அடியில் பொருத்தும் சிறு மூடி) பிடிப்பே இல்லாமல் உள்ளே வழுக்கினால் அதுவும் வேண்டாம்.

உண்மையில் பயப்பட வேண்டிய இடம் அடிப்பகுதிக்குச் சற்று மேலே. அங்கே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் சுவர் இழுபட்டு மெலிந்திருக்கலாம். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொஞ்சம் மடக்கி, உள்ளே விட்டு அடியிலிருந்து மேலே இழுங்கள். நுனி ஒரு பள்ளத்தில் தட்டி நின்றால், அடுத்த வெடியில் கூடு இரண்டாகப் பிரியக்கூடும். சூடான வாயு முகத்துக்கே வரலாம். பழைய .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை தாராளமானது, சுடும்போது கூடு நிறைய விரியும், அதனால் ஒவ்வொரு முறையும் முழுநீளமும் அழுத்திப் பழைய அளவுக்குச் சீராக்கும் கூடுகள் சீக்கிரமே இப்படி ஆகிவிடும்.

அப்புறம், கழித்ததன் வாயை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் நல்லதோடு கலந்துவிடும்.